அடிக்குழம்பு

வள்ளியம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் தாண்டியும் தையல் போட்ட இடம் ஆறவில்லை. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் ஈரம் கசிந்தது. கால் வீங்கியது. நாலு துணி அலசினால் மூட்டை தூக்கியவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். கட்டு மாற்றும் நர்ஸம்மா அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டாள்.

“ஒடம்புல புரோட்டீன் இல்லம்மா. சதை வளந்தாத்தான் புண்ணு மூடும். எத வெச்சு வளரும்? முட்டை சாப்பிடுங்க.”

“நான் சுத்த சைவமுங்க.”

“அப்ப பருப்பு, பயறு, கொண்டக்கடலைன்னு நல்லா சாப்பிடணும்.”

“எங்க வூட்டுல தெனம் சாம்பார்தாங்க. பருப்பு வேகாத நாளே கெடையாது.”

பொய் சொல்லத் தெரியாத வாய் அது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தனகோட்டியும் ஆமாம் என்று தலையாட்டினான். நர்ஸம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய்வந்த பிறகுதான் வள்ளியம்மாள் கவிச்சியை விட்டது. கூட்டத்தோடு கூட்டமாக ஜோதி பார்த்தாள், தருமசாலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், தன் ஊர் வடக்குத்துக்குத் திரும்பி வந்து மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். “நான் திங்கல. நீங்க வெளிய தின்னுட்டு வாங்க, ஒண்ணும் சொல்லமாட்டன்” என்றாள். சொன்னபடியே ஒன்றும் சொன்னதில்லை.

தனகோட்டிக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கரி ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை அள்ளி அள்ளித் திரும்பவும் பெல்ட்டிலேயே போட வேண்டும். அள்ள அள்ளக் கொட்டிக்கொண்டே இருக்கும் வேலை. கூட வேலை செய்கிற நல்லசாமியிடம் மனசு பொறுக்காமல் ஒருநாள் புண் ஆறாததைச் சொன்னான்.

“இதுக்குப் போயி மூஞ்ச தொங்க போட்டுகினு கீறியே!” என்றான் நல்லசாமி. “தோசை மாவுல ரெண்டு முட்டைய ஒடச்சி ஊத்தி கலக்கு. வெங்காயத்த அள்ளிப் போடு. சாமிக்கே தெரியாது.”

“அவளுக்குத் தெரிஞ்சா?”

“தெரியறதுக்குள்ள புண்ணு ஆறிடும் மாமா. பொண்டாட்டி முக்கியமா, வெரதம் முக்கியமா?”

 அந்தக் கேள்வி தனகோட்டிக்குள் முள் மாதிரி ஏறிக்கொண்டது. ராத்திரி அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் “ஸ்ஸ்” என்று பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். அப்போதெல்லாம் அந்த முள் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

மழை பிடித்த ஒருநாள் பெல்ட் நின்றுபோனது. கான்ட்ராக்ட் ஆட்களைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தனகோட்டி வழியில் கடையில் சைக்கிளை நிறுத்தினான். முட்டை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். இந்நேரம் அவள் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். மாவுக் குண்டான் அடுப்பு மேடையில்தான் இருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

பின்பக்கமாக வந்தான். மழைச் சத்தத்தில் கதவு திறந்தது கேட்கவில்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வள்ளியம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனகோட்டி தட்டைப் பார்த்தான். சோற்றைச் சுற்றி மஞ்சளாகத் தண்ணீர் ஓடியது. அதில் ஒரு தக்காளித் தோல் மிதந்தது.

“இன்னா புள்ள இது, ரசமா?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஐயோ, நீங்களா! இன்னா அதுக்குள்ள வந்துட்டீங்க? ரசம் ஏது, சாம்பார்தான்.”

குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்தான். மிச்சத் தண்ணீருக்குள் அடி தெரிந்தது. பையிலிருந்த கேரியரை எடுத்துத் திறந்தான். அவனுக்குக் காலையில் கட்டிக்கொடுத்த அதே சாம்பார், பருப்பு கெட்டியாகக் களி மாதிரி நின்றது. கரண்டியைச் சாய்த்தால் விழாது.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?”

“இன்னா கேள்வி இது? அடிக்கொழம்பு. வேலைக்குப் போறவங்களுக்கு அடியிலேர்ந்துதான எடுத்து ஊத்துவாங்க. எங்கம்மா வூட்டுலயும் அப்படித்தான்.”

“அப்ப ஒனக்கு?”

“எனக்கு மேலாப்ல இருக்கற தெளிவு. அதுவும் சாம்பார்தான?”

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இந்த வீட்டில் சட்டியில் இருக்கத்தான் இருந்தது, அகப்பை ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் குனிந்து அடியில் துழாவுவதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நர்ஸம்மாவிடம் ஆமாம் என்று தலையாட்டியதும் அவன்தான்.

கேரியரை அவள் தட்டில் கவிழ்த்தான்.

“எல்லாத்தையும் கொட்டிட்டீங்களே! நீங்க இன்னா சாப்டுவீங்க?” என்று சொல்லிக்கொண்டே இடது கையால் பையை ஒதுக்கினாள். கையில் ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தாள்.

“இது யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“நீங்க இந்த வூட்டுக்குள்ள முட்டை கொண்டாந்ததே கெடையாதே.” அவள் பார்வை முட்டையிலிருந்து மாவுக் குண்டானுக்குப் போய், அங்கிருந்து அவன் முகத்துக்கு வந்தது. “நல்லசாமி அண்ணன் சொல்லிக் குடுத்த யோசனையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது.” பிறகு சிரிப்பு அடங்கி, குரலும் அடங்கியது. “தெரியாமத் தின்னுதான் இருப்பன். தெரிஞ்ச அப்பறம் ஒங்க கையால தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான குடிக்கத் தோணும்?”

“பயமாயிருந்துச்சு வள்ளி.”

“தெரியும்” என்றாள். “போயி முட்டைய அந்தண்ணன் வூட்டுலயே குடுத்துடுங்க. யோசன சொன்னதுக்குக் கூலி.”

மறுநாள் அவனுக்கு வார லீவு. காலையிலேயே கொண்டைக்கடலையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வாங்கி வந்து, கொண்டைக்கடலையை ராத்திரிக்கு ஊறப் போட்டு, மல்லாட்டையை அவித்து வைத்தான். மத்தியானம் சாம்பார் இறங்கியதும் கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டியில் அடிவரைக்கும் விட்டுக் கலக்கினான். மஞ்சள் மேகம் மாதிரி பருப்பு மேலே வந்தது.

“ஐய, கலக்காதீங்க! ஒங்களுக்குத் தண்ணியாப் போயிடும்.”

“போனா போவுது. ஒக்காரு.”

“நான் அப்பறம்...”

“ஒக்காருன்னு சொல்றன்ல.”

இரண்டு தட்டிலும் ஒரே கரண்டி, ஒரே குழம்பு. புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லாதவள். பாதி திரும்பிச் சுவரைப் பார்த்தபடி பிசைந்தாள். தட்டோரம் இருந்த மல்லாட்டையைக் கடித்தாள். ஏதோ நினைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் பிசைந்தாள். தனகோட்டி தன் தட்டை மறந்துவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோறு பாதிக்கு வந்ததும் அவள் தட்டில் குழம்பு தீர்ந்தது. அவள் கை தட்டிலேயே நின்றது. சுவரைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சூண்டு ஊத்துங்க.”