பன்னிரண்டிலிருந்து தொடங்கிய கோடு

கண் மருத்துவமனையின் புள்ளிவிவர அறையில் அக்கா குதிக்காத குறைதான். திரையில் தம்பியின் பார்வைப் பரப்பு இடமும் வலமும் விரிந்து கிடந்தது. பஸ் ஓட்டுகிறவனுக்குப் பக்கவாட்டில் நூற்றிருபது டிகிரி தெரிந்தாக வேண்டும். இவனுக்கு அதற்கு மேலேயே தெரிந்தது.

"பாஸுடா! மேலயும் கீழயும்தான் கொஞ்சம் கம்மி. தூங்குமூஞ்சி, இமையை ஒழுங்கா தூக்கியிருக்க மாட்ட."

"வண்டி ஓட்டுறவன் தூங்கினா ஊரு தாங்குமாக்கா?"

ஓரமாக நின்ற கார்களை இரண்டு முறை உரசியதால் டிப்போவில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். நாளைக்கே வேலைக்கு வருகிறேன் என்று அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

எந்தத் திசையில் எத்தனை டிகிரி வரை வெளிச்சப் புள்ளி தெரிந்தது என்று சோதனைக் கருவி எண்களாகத் தரும். திசையைக் கோணமாகவும் எண்ணை மையத்திலிருந்து தூரமாகவும் வைத்து வளைகோடு வரைய, ஆர் என்ற நிரல்மொழியில் அக்கா நேற்றுதான் நிரல் எழுதியிருந்தாள். அவள் கை வைத்தால் பிசகாது என்று ஆபீசில் பெயர். பெயராவது, மண்ணாங்கட்டியாவது!

சந்தோஷத்தில் தன் கண்ணின் எண்களையும் போட்டுப் பார்த்தாள். படம் நெட்டுக்குத்தாக நின்றது. யாருக்குமே பக்கவாட்டில்தான் பார்வை அகலம். இவளுக்கு மட்டும் உச்சந்தலைக்கு மேலே தெரியுமா என்ன? நிரலை மறுபடி திறந்து பார்த்தாள். கருவி, வலது கைப் பக்கத்தைப் பூஜ்யமாக வைத்து மேல்நோக்கி எண்ணும். ஆரின் வட்டப்படக் கட்டளையோ, நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், கடிகாரம் மாதிரி பன்னிரண்டில் தொடங்கி வலமாகச் சுற்றும். பாவி, அவள் சொல்லவில்லை.

திருத்தினாள். அவளுடைய படம் படுத்துக்கொண்டது. தம்பியுடையது எழுந்து நின்றது, இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போய். தலைக்குள் ஏதாவது கண் நரம்பை அழுத்தினால் இப்படித்தான் வரும். அவள் எத்தனை பேருடைய படங்களைப் பார்த்திருக்கிறாள்!

"என்னக்கா, மூஞ்சி இப்படிப் போச்சு?"

எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய டாக்டரிடம் இன்றே போக வேண்டும், பஸ்ஸை மறந்துவிட வேண்டும் என்றாள்.

"நீ படத்தைத் திருப்பினா நான் குருடனா? நல்லா இருக்கே நியாயம்! பழையபடியே திருப்பி வைக்கா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"டேய், உனக்கு நிஜமாவே தெரியலடா."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது!"

அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நேரா திரையையே பாரு. திரும்பக் கூடாது. எத்தனை விரல்னு மட்டும் சொல்லு."

அவன் கண்ணுக்குப் பக்கவாட்டில், சற்றே முன்தள்ளி, மூன்று விரலை விரித்துப் பிடித்தாள். அவன் அசையாமல், சமர்த்தாகத் திரையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"ம், முதல்ல கையத் தூக்குக்கா" என்றான்.