நாலு மடிப்பில் இரண்டு புரட்சி

பிரெஞ்சுப் புரட்சி ஏன் வெடித்தது என்று அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஈரத்துணி வண்டி தள்ளுபவர்கூட, "கஜானா காலி, ரொட்டி விலை ஏறிப்போச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாம் பிரெஞ்சக்கா புண்ணியம்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நாற்பது வயதில் அஞ்சல் வழியில் வரலாற்றுப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். மூன்று வருடமாகப் புரட்சிகளை முணுமுணுத்தபடியே வேலை பார்த்ததால், கூடமே ஒன்றுசேர்ந்து இந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

வீட்டில் அவளால் படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்த ஐந்தாவது நிமிடம் தலை அதன்மேல் சாய்ந்துவிடும். எந்த ராஜா செத்ததற்கு இத்தனை துக்கம் என்று கணவர் கேலி செய்வார். அதனால் வேலையிலேயே படித்தாள். பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடிப்பவள் நெட்டை. ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வாயும் நீளம்.

முதல் மடிப்புக்குக் காரணங்கள். இரண்டாவதற்குத் தொடக்கம். மூன்றாவதற்குத் தலைவர்கள். நான்காவது மடிப்பில் இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கும்போது விளைவுகள். ஒரு விரிப்பு பிரான்ஸ் என்றால் அடுத்தது ரஷ்யா. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அக்கா தப்பாகச் சொன்னால் நெட்டை தன் முனையை விட்டுவிடுவாள். கீழே விழுந்த விரிப்பை மறுபடி துவைக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே பாடம் நெஞ்சில் ஏறியது.

எழுத்துத் தேர்வுகளை எப்படியோ தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது வாய்மொழித் தேர்வு மட்டும். அதில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். மூன்றாவது முறைதான் கடைசி வாய்ப்பு. தேறினால் அன்றைக்கே சான்று கிடைக்கும். சான்று இருந்தால் காலியாக இருக்கும் சூப்பர்வைசர் வேலைக்கு மனுப் போடலாம். அந்த மனுவை வாங்கும் மருத்துவமனைக் கவுன்ட்டர், தேர்வு நடக்கும் அதே வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடிவிடும்.

மூன்றரை மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். நெட்டை விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்கு வந்திருந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "போய்ட்டு வாடி. ராஜா தலையே போயிருக்கு, உனக்கு என்ன போயிடப் போகுது" என்று தைரியம் சொல்லி அனுப்பினாள்.

உள்ளே பச்சைத் துணி விரித்த மேசை. அதன் பின்னால் ஒரு பேராசிரியை. மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, தலையில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி. பிரெஞ்சு, ரஷ்யப் புரட்சிகளை ஒப்பிடச் சொன்னார். தினமும் இருநூறு தடவை சொன்ன பாடம்தான். அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

கஜானா நினைவில்லை, ரொட்டி நினைவில்லை. போன இரண்டு தடவையும் இதே கதைதான். பயத்தால்தான் இப்படி ஆகிறது என்று இதுவரை நினைத்திருந்தாள்.

"கையில என்ன வச்சிருக்கீங்க?" என்றார் பேராசிரியை. துண்டுச்சீட்டு என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அக்கா குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில் அவளுடைய இரண்டு கைகளும் இல்லாத விரிப்பு ஒன்றைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாடத்தை மனப்பாடம் செய்தது மண்டை இல்லை, கை.

போனால் போகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். சலவைக்கூடம், நானூறு விரிப்பு, நாலு மடிப்பு, ஐந்து மணிக்குள் போட வேண்டிய சூப்பர்வைசர் மனு எல்லாவற்றையும். பிறகு கேட்டாள். "இந்த மேசைத் துணிய எடுத்துக்கலாங்களா? அந்தப் பக்கம் யாராவது பிடிக்கணும்."

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். மேசையிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக நாற்காலிக்கு மாற்றினார். எழுந்து வந்து பச்சைத் துணியின் இரண்டு முனைகளைப் பிடித்தார்.

துணி விரிந்ததுதான் தாமதம், மடை திறந்தது. முதல் மடிப்பில் இரண்டு நாட்டுப் பஞ்சமும், போரும், கடனும் வந்தன. இரண்டாவதில், பிரான்சில் ரொட்டி கேட்டு அரண்மனைக்கு நடந்த சந்தைப் பெண்களும், ரஷ்யாவில் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த பஞ்சாலைப் பெண்களும் வந்தார்கள். மூன்றாவதில் தலைவர்கள் வந்து ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டினார்கள். பேராசிரியைக்கு மடிக்கத் தெரியவில்லை. இடது கையை விடச் சொன்னால் வலது கையை விட்டார். பாடத்துக்கு நடுவே அக்கா அவரைத் திருத்திக்கொண்டே போனாள்.

நான்காவது மடிப்பில் இருவரும் நெருங்கி வந்து மூக்கோடு மூக்காக நின்றபோது பேராசிரியை புத்தகத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டார்.

"சரி, ரெண்டுல எது நிஜமாவே மாத்துச்சு?"

அக்காவுக்கு மடிக்க மடிப்பு மிச்சமில்லை. ஆனால் இந்தத் தடவை வாய் அடைக்கவில்லை.

"ரெண்டும் மாத்துச்சு, ரெண்டும் பாதிதாங்க. ரஷ்யாவுல அந்த வருஷமே பெண்களுக்கு ஓட்டு வந்துடுச்சு. ஆனா சீக்கிரமே தேர்தல்ல நிக்க ஒரே கட்சிதான் மிஞ்சுச்சு. பிரான்ஸ்ல நடந்து போன பொம்பளைங்களுக்கு ஓட்டு வர நூத்தம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. ராஜா ஆட்சிகூடத் திரும்பி வந்துடுச்சு. ஆனா விவசாயிகிட்ட பிரபுக்கள் பிடுங்கின வரி மட்டும் திரும்பி வரல."

பிறகு தன் கூடத்துக் கதையைச் சொன்னாள். முன்பு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். டூட்டி லிஸ்ட் அவர் சட்டைப்பையில் இருக்கும். டீ வாங்கித் தருபவர்களுக்குக் காலை ஷிப்ட். ஒருநாள் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அவரை மாற்றிவிட்டு, கூடத்துப் பெண் ஒருத்தியையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்றே மாதத்தில் லிஸ்ட் அவளுடைய கைப்பைக்குள் போய்விட்டது. கடைசியில் கோஷமோ கொடியோ இல்லாமல், சுவரில் ஓர் ஆணி அடித்து ஒரு பலகையை மாட்டினார்கள். அவரவர் ஷிப்டை அவரவரே எழுதிக்கொள்வது என்று ஆனது. அதற்குப் பிறகு நாலு சூப்பர்வைசர்கள் வந்துபோய்விட்டார்கள். பலகையில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அப்படியானால் புரட்சி வேண்டாம், ஆணியே போதுமா என்று மடக்கினார் பேராசிரியை.

"அந்த ரெண்டு நாள் மெஷின நிறுத்தலேன்னா ஆணி அடிக்கிற தைரியம் எங்களுக்கு எங்கிருந்துங்க வரும்?"

"இப்ப நீங்களே அந்த நாற்காலிக்கு மனுப் போடப் போறீங்க. நீங்க பலகையக் கழட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அக்கா யோசித்தாள். கழற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாய் வரவில்லை. முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளும் நல்லவள்தானே?

"என்னை நம்பாதீங்க. வெளியில ஒருத்தி உக்காந்திருக்கா. அவளை நம்புங்க. நான் ஆணியத் தொட்டா அவ என் கைய ஒடிச்சிடுவா."

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். தலையிலிருந்த கண்ணாடி நழுவி மூக்கிலிருந்த கண்ணாடிமேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே நான்கு கண்ணாடி வில்லைகள் வழியாகச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நூற்றுக்கு எண்பத்திரண்டு. வழியனுப்பக் கதவைத் திறந்தவரின் மேலேயே, அதில் காதை வைத்திருந்த நெட்டை வந்து விழுந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"இவளோட மறுமுனைங்க," என்றாள் நெட்டை, நிமிர்ந்து நின்று. "ஒரு விஷயம் விட்டுட்டா. ரஷ்யாவுல அந்த ஒரே வருஷத்துல ரெண்டு புரட்சி. பிப்ரவரில ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. அத அவ பிரிச்சுச் சொல்லல. நீங்களும் கேக்கல."

பேராசிரியையின் முகத்தில் அசடு வழிந்தது. எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்று கேட்டார். சேரவே இல்லை, துணி மடிக்க மட்டும்தான் வந்தேன் என்றாள் நெட்டை. அவர் அலமாரியைத் திறந்து, சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்தார்.

மணி நாலு இருபது. பஸ் வரும் வழியாக இல்லை. சான்றை ஒருத்தியும் படிவத்தை ஒருத்தியும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே, தனக்கு இந்த வயதில் படிப்பு ஏறுமா என்று நெட்டை கேட்க, ஏறியதால்தானே பேராசிரியையையே திணற வைத்தாய் என்று அக்கா மூச்சிரைக்கச் சொன்னாள். ஐந்து அடிக்க ஆறு நிமிடம் இருந்தபோது கவுன்ட்டரின் பலகைக் கதவு பாதி இறங்கியிருந்தது. நெட்டை தன் நீளக் கையை உள்ளே விட்டு அதைத் தாங்கிப் பிடித்தாள். அக்கா குனிந்து, முன்பே எழுதி வைத்திருந்த மனுவைச் சான்றோடு சேர்த்து உள்ளே தள்ளினாள்.

முத்திரை விழும் சத்தம் கேட்டது.