பதினேழாம் எண்

இரண்டு முறை முடியாது என்று சொன்ன பெரியவர் மூன்றாம் முறை கேட்டபோது சரி என்றார். படக் கம்பெனிக்காரர்களுக்கு ஆச்சரியம். முந்தின நாள் அவருடைய மகள் போனில் பேச்சுவாக்கில் சொன்னது அவர்களுக்குத் தெரியாது.

"அண்ணனும் பேர் குடுத்திருக்கான்பா. கருஞ்சிறகன் வேஷத்துக்கு."

"உன்னை யார் கேட்டா இப்ப?" என்று போனை வைத்துவிட்டார். அன்று பூராவும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கருஞ்சிறகனாக நடித்தவர் அவர்தான். கூரைக்குக் கூரை தாவி, கெட்டவர்களைப் பந்தாடிய அந்த முகமூடி வீரனை வைத்து மூன்று படங்கள் வந்தன. இப்போது அதே கதையை முதலிலிருந்து புதிதாக எடுக்கப்போகிறார்கள். பழைய கருஞ்சிறகன் நடுவராக உட்கார்ந்தால் மரியாதையாக இருக்கும் என்பது டைரக்டரம்மாவின் எண்ணம்.

மகனும் நடிகன்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சலவைத்தூள் விளம்பரம் ஒன்றில், அப்பாவின் கறுப்பு உடுப்பையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு ஒரு வாளியைச் சுற்றிச் சுற்றி ஆடினான். ஊரே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. இந்தக் குடும்பத்தைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்த உடுப்பு அது, கூத்தடிக்கிற துணி இல்லை என்றார். பேச்சு தடித்தது. இனி என் வாசற்படியை மிதிக்காதே என்று முடித்தவரும் அவர்தான். அவனும் அவர் ரத்தம், மிதிக்கவில்லை. மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, மூன்று அறை வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை டிவிதான்.

தேர்வு நடந்தது ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தில். தரையில் வெள்ளை டேப் ஒட்டி, நடுவில் ஆளுயர மரப்பெட்டி வைத்திருந்தார்கள். எதிரே கேமராவும் ஒரு மேஜையும். டைரக்டரம்மா, ஸ்டண்ட் மாஸ்டர், பெரியவர் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கதாநாயகியைக் காலையிலேயே முடிவு செய்தாகிவிட்டது. மத்தியானம் கருஞ்சிறகனின் முறை.

"படத்துல முக்கால்வாசி நேரம் மூஞ்சி தெரியாது சார். அதனால முதல்ல உடம்பு நடிக்கணும்" என்றாள் டைரக்டரம்மா. வந்தவர்கள் எல்லாரும் முகமூடி போட்டு, மார்பில் எண் குத்தியிருந்தார்கள். பெயர்கள் மேனேஜரிடம் மூடிய கோப்பில் இருந்தன. மூவரில் ஒருவர் பெருக்கல் குறி போட்டாலும் ஆள் வெளியே.

நான்காம் எண் குதித்த வேகத்தில் முகமூடி திரும்பிக்கொண்டது. கண் தெரியாமல் போய்க் கேமராவில் முட்டிக்கொண்டான்.

"இவரு காப்பாத்த வர்றதுக்குள்ள ஊரு காலியாயிடும்" என்றார் ஸ்டண்ட் மாஸ்டர்.

பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு உடம்பாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் எண் பெட்டியின் மேல் ஏறினான். திரும்புவதற்கு முன் அவன் இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தது. பெரியவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். முதல் படத்தில் கூரையிலிருந்து விழுந்து அவர் தோளெலும்பு விலகியது. அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் அது தாழும். ஐந்து வயதில் போர்வையைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் அதே மாதிரி தோளைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டுவான் மகன். வேறு யாருக்கு அது தெரியும்?

குதித்தான். பூனை மாதிரி தரையில் அமர்ந்தான். முகமூடிக்குள்ளிருந்து வசனம் அமுங்கி வந்தாலும் உயிரோடு வந்தது.

"பிச்சு உதறிட்டான் சார்" என்று மாஸ்டர் காதோரம் சொன்னார்.

பெரியவர் பேனாவை எடுத்தார். அப்பன் உட்கார்ந்து பிள்ளைக்கு வேஷம் வாங்கிக் கொடுத்தான் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அந்தப் பேச்சை அவரும் கேட்கக்கூடாது, அவனும் கேட்கக்கூடாது. தாள் கிழிகிற அழுத்தத்தில் பெருக்கல் குறி போட்டார்.

"அஞ்சு நிமிஷம்மா" என்று எழுந்தார். வேஷம் போனால் போகிறது, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கால் லேசாக இருந்தது.

நடையின் கோடியில் பதினேழாம் எண் முதுகு காட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முகமூடி கையில் இருந்தது.

"கண்ணா" என்று கூப்பிட்டார்.

திரும்பிய முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஐயா, நீங்களா?" தண்ணீர் அவன் சட்டையெல்லாம் சிந்தியது. "தோள் சரியா வந்துச்சாய்யா? உங்க மூணு படத்தையும் போட்டுப் போட்டுப் பாத்துப் பழகினேன். தோள்ல என்னடா சுளுக்கான்னு எங்கம்மா தைலம் தேய்க்க வந்துட்டாங்க."

அவருடைய வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்ததாக அவர் நினைத்த தோள்; முப்பது வருஷமாகத் திரையில் ஊரே பார்த்த தோள்.

"யாரையாவது தேடறீங்களாய்யா?"

"இல்ல. சரியாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

"பதினேழுக்கு நான் போட்டது தப்பு. மாத்தணும்" என்றார் நின்றபடியே.

"ஏன் சார், என்னாச்சு?" என்றாள் டைரக்டரம்மா.

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"எம் பையன்னு நெனச்சுட்டேன்."

"பையன்னா டிக்கு இல்ல சார் போடணும்?" என்றார் மாஸ்டர்.

"எங்க வீட்டுல அப்படி இல்ல."

மேனேஜர் கோப்பைத் திறந்து பார்த்தார். "உங்க பையன் பேர் இருக்கு சார். இருபத்திரண்டாம் எண். ஆனா போன வாரம் நடுவர்கள் பேர் போட்டு எல்லாருக்கும் மெயில் அனுப்பினோம். மறுநாளே வரமுடியாதுன்னு எழுதிட்டாரு."

பெரியவர் குனிந்து, பெருக்கல் குறியை அடித்துவிட்டுச் சரிக்குறி போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"நான் பேசிப் பாக்கறேன் சார்" என்றாள் டைரக்டரம்மா.

"நான் இங்க இருந்தா வரமாட்டான். நடுவர் மாறிட்டாருன்னு எழுதுங்க. நாளைக்கு வரட்டும். நல்லா செஞ்சா எடுங்க, இல்லேன்னா விடுங்க."

அவள் மடிக்கணினியில் தட்டி, எழுதியதைப் படித்தாள். "உங்கள் அப்பா கேட்டுக்கொண்டபடி…"

"அதை எடுத்துடுங்கம்மா."

"பாத்தா சந்தோஷப்படுவாரே சார்."

"அந்த வார்த்தையைப் பாத்தா அதுக்கு மேல படிக்கமாட்டான்."

அவள் அந்த வரியை அழித்தாள். மெயில் போய்விட்டது என்று அவள் தலையசைக்கும்வரை பெரியவர் நிமிர்ந்தே நின்றிருந்தார். பிறகு தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.