நான்கு மூலை மஞ்சள்

அன்று பிற்பகல் அந்த வீட்டு நடு அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மேற்குச் சுவரோரம், வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில், சம்பந்தி ஆகப்போகிற நாகபூஷணம். அவருக்கு எதிரே டிவி வைத்த மேசையின் காலில் சாய்ந்து தரையில் ரத்தினம்மா. வாசற்படியில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, அவளுடைய இளைய மகன் கோவர்த்தனன். நடுவில் விரித்த பாயில் அவன் மனைவி சுமித்ரா, மடியில் பலகை, கையில் பிரித்த கடிதம். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பிரேமலதா. கல்யாணம் அவளுக்குத்தான். உட்காரும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

ரத்தினம்மாவின் மூத்த மகன் துலுக்காணம் சுவரில் படமாக இருந்தான். கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துச் செத்து ஐந்து மாதம் ஆகிறது. படத்துக்கு மாலை கிடையாது. மாலை போட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான் என்று ரத்தினம்மா போட விடவில்லை.

துலுக்காணத்தின் மனைவி மல்லிகா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் போனைத் தொட விடமாட்டார்கள். கடிதம் ஒன்றுதான் வழி. ஆந்திர எல்லையில் குடிபாலாவைச் சுற்றி நாலு ஊருக்குத் தெரிந்த அந்தச் சாவு அவள் ஒருத்திக்குத் தெரியாது. மகள் பிரேமலதாவின் கல்யாணம் முடிகிறவரை தெரியக்கூடாது என்பது வீட்டின் முடிவு.

சுமித்ரா கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"'...வேலை முடிந்து படுக்கும்போது நம்ம வீட்டை நினைச்சுக்குவேன். எல்லோரும் கூடத்தில் சுத்தி உட்கார்ந்து சாப்பிடுவோமே, பிரேமா நைனா களி உருண்டையைப் பிட்டு முதல் வாய் எனக்குத் தருவாரே, அது ஒண்ணு போதும். சண்டை இல்லாத சோறும் சொந்த மனுஷங்களும் இருந்தா வேறென்ன சந்தோஷம் வேணும்? இன்னும் ஒரு வருஷம்தானே, ஓடிப்போயிடும்...'"

"நல்லா எழுதறாம்மா," என்றார் நாகபூஷணம். "மேல படி."

சுமித்ரா அடுத்த வரியைப் பார்த்தாள். படிக்கவில்லை.

"இன்னாமே, வாயில கொழுக்கட்டையா?" என்றாள் ரத்தினம்மா. "படி."

"'ஒரு விஷயம். போன ரெண்டு கடிதத்திலும் பிரேமா நைனா கைநாட்டில் கோடு காணோம். அறுவா வெட்டின தழும்பு எப்பவும் குறுக்கே வெள்ளையா விழுமே. ஏன் விழலை? அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதவும்.'"

வெளியே கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக் கத்தியது.

துலுக்காணத்துக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதி முடித்ததும் கீழே இடது கட்டைவிரலைப் பதிப்பான். கரும்பு வெட்டும்போது அறுவாள் இழுத்த பழைய தழும்பு ஒன்று அந்த விரலில் சாய்வாக ஓடியது. அவன் செத்த பிறகு போன இரண்டு கடிதங்களிலும் விரலைப் பதித்தவன் கோவர்த்தனன். மழமழவென்றிருந்த அவன் விரலில் எந்தக் கோடும் இல்லை. அதை அந்த வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருத்தி யோசித்திருக்கிறாள்.

"கைநாட்டக் கூடவா உத்து உத்துப் பாப்பா?" என்றான் கோவர்த்தனன்.

"அவளுக்கு அங்க பாக்கறதுக்கு வேற இன்னா கீது?" என்றாள் சுமித்ரா.

"உன்ன யாரும் கேக்கல."

பிரேமலதா கதவிலிருந்து கையை எடுத்தாள். "ஆயா, அம்மாவுக்குச் சொல்டலாமே. அது பாவம்..."

"சொல்டலாமே," என்று ரத்தினம்மா அவளைப் போலவே இழுத்துச் சொன்னாள். "சொன்னா மறு பிளேன்ல வந்து நிப்பா. வந்தா அன்னிக்கே தாலி அறுத்து சாங்கியம் செய்யணும். அப்பால உன் கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோட மூலையில ஒக்காந்துக்கினு மூக்கச் சிந்துவா. பாக்க ஆசையா கீதா உனக்கு?"

பிரேமலதா மறுபடியும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நாகபூஷணம் தொண்டையைச் செருமிக்கொண்டார். சித்தூரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவர் மகன் ஹரிபாபு திருப்பதியில் ஒரு லாட்ஜில் கணக்கெழுதுகிறான். எதையும் கோபப்படாமல் பேசுவது அவர் வழக்கம்.

"இதப் பாரும்மா பிரேமா. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நாலு எடம் போய்வந்தவன். எங்க அக்காதான் ஒரே புடி. அறுத்தவ வயித்துப் பொண்ணு வோணாம்னு சொல்லிட்டா. நான்தான் சமாதானம் பண்ணி வெச்சேன். எக்கா, அந்தம்மா காதுல சேதி விழல. கழுத்துல தாலி கீது, நெத்தியில பொட்டு கீது. சாங்கியம் நடந்தாத்தான அறுத்தவ? நடக்காத வரைக்கும் சுமங்கலிதான். அக்கா யோசிச்சிப் பாத்துட்டு, சரே, அது நியாயம்தான்னு ஒத்துக்கினா. இப்ப நீ சொல்டலாம்னா, நான் எங்க அக்கா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

மேசைமேல் டிவிக்குப் பக்கத்தில் மல்லிகா போன மாதம் அனுப்பிய போட்டோ சட்டம் போட்டு வைத்திருந்தது. பெரிய பொட்டு, காதோரம் பிளாஸ்டிக் ரோஜா, சிரிப்பு. நாகபூஷணத்தின் அக்கா பெண் பார்க்க வந்தபோது அந்தப் போட்டோவைத்தான் கும்பிட்டுவிட்டுத் தாம்பூலம் எடுத்துக்கொண்டாள்.

"புருசன் செத்து அஞ்சு மாசம், மேடம் ரோசா வெச்சிக்கினு போட்டோ புடிக்கிறா," என்று ரத்தினம்மா அதைப் பார்த்துச் சொன்னாள். "எனக்குத்தான் தெருவுல தலை காட்ட முடியல."

"அவளுக்குத் தெரியாதே அத்தெ," என்றாள் சுமித்ரா.

"தெரிஞ்சா வெச்சிக்குவாளா? தெரியாததுனாலதான சொல்றேன்!"

கோவர்த்தனன் சிரித்தான். நாகபூஷணமும் கொஞ்சம் சிரித்தார். ரத்தினம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து பரண்மேல் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தாள். பச்சைக் கண்ணாடி வளையல்கள், பன்னிரண்டு.

"நான் ஒண்ணும் சாங்கியத்த உட்றவ இல்ல, சம்மந்தி. கல்யாணம் முடிஞ்சி அவ ஒப்பந்தம் முடிஞ்சி வருவா இல்ல, அன்னிக்கி ஊட்டுக்குக் கூட்டியாற மாட்டேன். மெட்ராஸ்லேர்ந்து காரு நேரா ஏரிக்கரைக்குத்தான். பூ வெச்சி, மஞ்சள் பூசி, இந்த வளையல போட்டு உட்டு, அங்கியே எல்லாத்தையும் முடிச்சிடுவேன். எதுக்கு பூவுன்னு கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கலாம். பொட்டி கிட்டில்லாம் இந்த கோவர்த்தனன் முன்னாடி எட்த்துக்கினு வந்துடுவான்."

"பாகுந்தி, நல்லா கீது," என்றார் நாகபூஷணம். "முறைய உடக்கூடாது."

சுமித்ரா அந்த வளையல்களைப் பார்த்தாள். மல்லிகாவும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எல்லையோரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். இந்த வீட்டில் மற்றவர்கள் படித்தது தெலுங்கு. அதனால்தான் கடிதம் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. தேதி, ஊர், விளிப்பு, விஷயம், கையொப்பம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் எழுதுவாள். போன இரண்டு கடிதங்களில் செத்தவனை உயிரோடு எழுதியதும் அதே வரிசையில்தான். கல்யாணம்வரைக்கும்தான், அதற்கப்புறம் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லுவார்கள் என்று நினைத்திருந்தாள். ஏரிக்கரை அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

"சரி எழுது," என்றான் கோவர்த்தனன். "மாமாவுக்கு நாலு மணி பஸ்."

"கைநாட்டுக்கு இன்னா எழுதறது?"

நாகபூஷணம் யோசித்தார். "மை ஜாஸ்தியாயிடுச்சி, அதனால கோடு மறைஞ்சி போச்சின்னு எழுதும்மா. இந்தத் தபா கோடு உழணும். ஒரு நூலு எட்த்து வெரல்ல குறுக்க சுத்தி அமுக்கினா வெள்ளயா உழுந்துட்டுப் போவுது. இதுக்கா இம்மாம் பெரிய யோசனை?"

"மாமா மூளையே மூளை," என்றான் கோவர்த்தனன்.

சுமித்ரா எழுதினாள். ரத்தினம்மா ஒரு வரி சொல்வாள், கோவர்த்தனன் ஒரு வரி சொல்வான், நாகபூஷணம் திருத்துவார். சுமித்ரா அதைக் கடிதத் தமிழாக மாற்றிக் குண்டு குண்டாக எழுதினாள்.

"'இவ்விடம் அனைவரும் க்ஷேமம். நானும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். நம் மகள் பிரேமலதாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறோம். மாப்பிள்ளை ஹரிபாபு, நல்ல குணம். நீ வேலையை விட்டு வர வேண்டாம். மனசால் ஆசீர்வாதம் செய்தால் போதும். நீ அனுப்பிய செயின் வந்து சேர்ந்தது. வளையலும் அனுப்பவும். கைநாட்டில் மை அதிகமாகிக் கோடு மறைந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக, சந்தோஷமாக இருக்கிறோம்.'"

"ஒரு எழுத்து மாறியிருந்துச்சி, நாளைக்கே உங்கம்மா ஊட்டுக்கு பஸ் ஏத்திடுவேன்," என்றான் கோவர்த்தனன்.

"நான் படிக்கிறேன், குடு," என்று நாகபூஷணம் கை நீட்டினார். வேலூரில் பத்து வருடம் கடைப்பையனாக இருந்தவர், தமிழ் படிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் வித்தியாசம் இல்ல. எழுத்து முத்து முத்தா கீது."

பால் சொசைட்டியிலிருந்து கோவர்த்தனன் கொண்டுவந்த கறுப்பு மைப்பெட்டி பாயில் திறந்திருந்தது. சுமித்ரா பிரேமலதாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்து, கணவனின் கட்டைவிரலில் சாய்வாகச் சுற்றினாள். இரண்டு வருடம் துலுக்காணத்தின் விரலைப் பிடித்து அழுத்தியவள் அவள். எந்தப் பக்கச் சாய்வு என்று அவளுக்குத்தான் தெரியும். சரியாகவே சுற்றினாள். விரலைப் பதித்து எடுத்ததும் தாளில் துலுக்காணம் விழுந்தான்.

"அப்டியே கீறான்," என்றாள் ரத்தினம்மா. உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மங்கள சேதி. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி ஒட்டு."

நாகபூஷணம் எழுந்து வேட்டியை உதறினார். கோவர்த்தனன் அவரைப் பஸ் ஏற்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடப் போனான். கன்று மறுபடியும் கத்தியது. கறக்கிற நேரம். ரத்தினம்மா வளையல்களைத் திரும்பச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பிரேமலதா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டுவந்து சுமித்ராவின் எதிரே உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, அம்மா இத படிச்சிட்டு சந்தோசப்படும் இல்ல?"

"படும்."

சுமித்ரா தாளைப் பலகைமேல் நேராக வைத்தாள். வலது கட்டைவிரலை நீட்டினாள். பிரேமலதா கிண்ணத்தை அருகே நகர்த்தினாள். விரல் கிண்ணத்துக்குப் போகவில்லை. மைப்பெட்டிக்குப் போயிற்று. மேல் இடது மூலையில் அழுத்தினாள். கறுப்பாக விழுந்தது. பிறகு மேல் வலது மூலை.

கல்யாணக் கடிதத்துக்கு மஞ்சள், கருமாதிக் கடிதத்துக்குக் கறுப்பு. எழுத்தே தெரியாதவர்களும் வாசிக்கும் எழுத்து அது.

பிரேமலதா மூச்சை இழுத்தாள். சுமித்ராவின் விரல் நின்றது. இரண்டு மூலை மிச்சம் இருந்தது. அந்தப் பெண் ஒரு குரல் கொடுத்தால் போதும், கொட்டகை இருபது அடி தூரத்தில்தான்.

"கல்யாணம் நின்னு போவும்," என்றாள் பிரேமலதா மெல்ல.

"நிக்கலாம்."

"உன்ன அடிப்பாரு சித்தப்பா."

"அடிப்பாரு."

பிரேமலதா டிவிக்குப் பக்கத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பரண்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மைப்பெட்டியைச் சின்னம்மாவின் விரலுக்குக் கீழே தள்ளினாள்.

"கீழ ரெண்டும் வெய்யி. சீக்கிரம். ஆயா கறந்துடும்."

மை காய இருவரும் மாறி மாறி ஊதினார்கள். மடித்து ஏர்மெயில் உறைக்குள் போட்டு, பசையை நாக்கால் நனைத்து ஒட்டியது பிரேமலதா. பிறகு மஞ்சளைத் தொட்டு உறையின் நான்கு மூலையிலும் அவளே பட்டையாகத் தடவினாள்.

ரத்தினம்மா நுரை ததும்பும் சொம்போடு உள்ளே வந்தாள். உறையை வாங்கி நான்கு மூலையையும் பார்த்தாள். "ஆங், இப்பதான் லட்சணமா கீது. ஓடு, தபால் பை கட்டிடப் போறான்."

சுமித்ரா முந்தானையில் கட்டைவிரலை மறைத்துக்கொண்டு நடந்தாள். தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் எத்திராஜ் பையைக் கட்ட அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். உறையை வாங்கித் தராசில் போட்டு, தபால்தலை ஒட்டி, அதன்மேல் முத்திரையைக் குத்தினார்.

"குவைத்துக்கா? மஞ்சள்லாம் பலமா கீதே. ஊட்ல எல்லாரும் க்ஷேமந்தான?"

"உள்ள எழுதியிருக்குது, சார்," என்றாள் சுமித்ரா.

அவர் உறையைப் பைக்குள் போட்டார். வாயைச் சுருக்கிச் சணல் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் அரக்கை ஊற்றி அழுத்தினார்.