பொத்தானின் வயிறு

பொத்தானுக்கு வயிறு பெருக்க ஆரம்பித்ததும் தையல்காரி முதலில் செய்த காரியம், வெட்டிப்போட்ட துணிகளையெல்லாம் சேர்த்து ஒரு மெத்தை தைத்ததுதான். சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நின்றால், "வீட்டுல பிரசவம் நெருங்குதுங்க, அடுத்த வாரம் வாங்க" என்றாள். ஒரு பெண்மணி எதுவும் புரியாமல் தையல்காரியின் வயிற்றையே பார்த்துவிட்டுப் போனாள்.

பொத்தான் எட்டு வயதுப் பெண் நாய். பழுப்பு நிறம், உருண்டைக் கறுப்புக் கண்கள். அதைக் குட்டியாகத் தூக்கிவந்தவள் தையல்காரியின் கணவனுடைய தங்கை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், மாடியறையில் இருக்கிறாள். நாய் வளர்ந்ததும், "அண்ணி, கருத்தடை பண்ணிடலாம்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தையல்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "வாயில்லா ஜீவன். ஒரு தடவையாவது தாயாகட்டும்" என்றாள். ஆனால் கேட்டைப் பூட்டி வைத்துக் காவல் காத்ததும் அவள்தான். தெருவில் எந்த மாப்பிள்ளையும் அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு, பொத்தான் பருவத்தில் இருந்த நேரம். எலக்ட்ரீஷியனான கணவன் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் கேட்டைச் சாத்த மறந்துவிட்டான். எதிர்வீட்டு டீச்சரின் நாய் வாசலில் நின்றதைத் தையல்காரி கண்ணால் பார்த்தாள். அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. வயிறு பெருத்ததும் கணக்கைத் தானே முடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து டீச்சரும் அவளும் ஒருவரையொருவர் "சம்பந்தி" என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பொத்தான் தண்ணீராகக் குடித்தது. கிண்ணம் காலியானால் குளியலறை வாளியில் தலையை விட்டது. நடந்தபடியே கூடத்தில் சிறுநீர் விட்டது. "உள்ள இருக்கறதுகளுக்கும் சேர்த்துக் குடிக்குது" என்று தையல்காரி துடைத்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் சாப்பாட்டைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மசக்கைங்க."

"மசக்கை ஆரம்பத்துலதானே வரும்?" என்றான் கணவன்.

"நாய்க்கு எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்."

சாயங்காலங்களில் வயிற்றின்மேல் கையை வைத்து, "உதைக்குது பாரு" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அன்று காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு நாத்தனார் திரும்பி வந்தபோது, சமையலறைத் தரையில் பொத்தான் பக்கவாட்டில் கிடந்தது. மஞ்சளாக வாந்தி எடுத்திருந்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. தையல்காரி வெந்நீரும் பழைய துண்டுகளுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"வலி எடுத்துடுச்சு" என்றாள்.

நாத்தனார் குனிந்து நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணி, ஈறு வெளுத்துக் கிடக்கு. இது பிரசவ வலி மாதிரி தெரியல. தூக்குங்க."

வேனின் பின்சீட்டில் நாயை மடியில் கிடத்திக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் தையல்காரி, "கொஞ்சம் பொறுத்துக்கோடி" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தையல்காரியே பதில் சொன்னாள். பருவம் எப்போது முடிந்தது, தண்ணீர் எவ்வளவு குடித்தது, வெளியே எதுவும் கசிந்ததா. "ஒண்ணும் கசியல டாக்டர், சுத்தமா இருந்தா" என்றாள் பெருமையாக. டாக்டரம்மா வயிற்று முடியைச் சிரைத்து, களிம்பு தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக வட்டங்கள் தெரிந்தன. தையல்காரி எட்டிப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"எத்தனை குட்டி டாக்டர்?"

டாக்டரம்மா கருவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"குட்டி இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

தையல்காரி சிரித்துவிட்டாள். டாக்டர் விளையாடுகிறார் என்று நினைத்தாள்.

"எலும்பு இல்ல, இதயத்துடிப்பு இல்ல. இது பூரா சீழ். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கட்டியிருக்கு. அதோட வாய் மூடிக்கிட்டதால வெளிய வரல. கசிஞ்சிருந்தா நீங்களே முன்னாடி கண்டுபிடிச்சிருப்பீங்க."

தையல்காரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார்தான் கேட்டாள். "மருந்துல சரியாகாதா டாக்டர்?"

"மருந்து இருக்கு. சின்ன வயசு, வாய் திறந்து சீழ் வெளிய வருது, உடம்புல தெம்பு இருக்குன்னா யோசிக்கலாம். அப்பவும் அடுத்த பருவத்துல திரும்ப வரலாம். இவளுக்கு அந்த வழி இல்ல. டிரிப் ஏத்தி, ஊசி போட்டு, கொஞ்சம் தேத்திட்டு இன்னைக்கே கர்ப்பப்பையை எடுக்கணும். விட்டா உள்ளயே கிழிஞ்சுடும்."

"மயக்க மருந்தைத் தாங்குவாளா?"

"தாங்காமலும் போகலாம். பண்ணலைன்னா கண்டிப்பா பிழைக்க மாட்டா."

"எதனால வருது இது?" என்று தையல்காரி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கருத்தடை பண்ணாத பெண் நாய்களுக்கு வயசாக ஆக வர்றதுதான். பருவம் முடிஞ்சு சில வாரத்துல ஆரம்பிக்கும். நிறைய பேர் இப்படித்தான் கூட்டிட்டு வர்றாங்க."

தையல்காரி நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சட்டைப்பையில் டெஸ்டரோடு ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மூவரும் அறுவை அறைக் கதவைப் பார்த்தபடி இருந்தபோது தையல்காரியின் போன் அடித்தது. "என்ன சம்பந்தி, எத்தனை பேரப்பிள்ளைங்க?" என்றது டீச்சரின் குரல். போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

மதியம் தாண்டி டாக்டரம்மா வெளியே வந்தார். "மூச்சு சீரா இருக்கு. எடுத்ததைப் பார்க்கிறீங்களா?"

பார்க்கவேண்டாம் என்று கணவன் தலையாட்டினான். தையல்காரி எழுந்து போனாள். தட்டில், பஞ்சை அளவுக்குமேல் அடைத்த நீளமான திண்டு போல, வீங்கி விம்மிய இரண்டு குழாய்கள் கிடந்தன. தையல் விட்டுப்போகும் நிலையில் துணி மெலிந்து பளபளக்குமே, அப்படி ஓர் இடம் பளபளத்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உதைக்குதுன்னு சொன்னேனே" என்றாள். "தினம் கை வெச்சுப் பார்த்தேனே. என்ன உதைச்சுது அப்ப?"

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அன்னைக்கே சொன்னே. சொல்லிக்காட்டணும்னா இப்பவே சொல்லிடும்மா. மனசுல வெச்சுக்காதே."

"என்னத்தச் சொல்லிக்காட்ட?" என்றாள் நாத்தனார். "நானும்தான் கை வெச்சுப் பார்த்தேன் அண்ணி. எனக்கும் உதைச்ச மாதிரிதான் இருந்துச்சு."

சீழின் விஷம் ஏறிய சிறுநீரகம் தேறுமா என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. சில நாள் அங்கேயே வைத்து டிரிப் ஏற்றினார்கள். தையல்காரி வீட்டு முன்பக்கக் கடையைச் சாத்திவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பொத்தான் கண்ணைத் திறந்து பார்க்கும், மூடிக்கொள்ளும். ஒரு நாள் எழுந்து நின்று, அவள் விரலில் இருந்த கஞ்சியை நக்கியது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக எல்லாக் கதவிலும் முட்டியது.

கடை திறந்த வாரத்தில் வாடிக்கையாக வரும் ஒரு பெண்மணி அளவு கொடுத்துக்கொண்டே, "எங்க நாயும் இப்பல்லாம் ஓயாமத் தண்ணி குடிக்குது" என்றாள். தையல்காரியின் கையிலிருந்த நாடா அப்படியே நின்றுவிட்டது.

"பொட்டையா?"

"ஆமா."

"ஆபரேஷன் பண்ணியாச்சா?"

"அதெல்லாம் குட்டியிலேயே பண்ணிட்டோம்."

"பரவாயில்ல. இருந்தாலும் இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இந்தச் சட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். கிளம்புங்க முதல்ல."

அந்தப் பெண்மணி நாடா சுற்றிய இடுப்போடு விழித்தாள். மறுநாள் வந்து சொன்னாள். "சர்க்கரை நோயாம். தினம் ஊசி போடணுமாம், நானே போடணும்னு கத்துக்கொடுத்தாங்க. நல்லவேளை சீக்கிரம் வந்தீங்கன்னு டாக்டர் சொன்னார்."

தையல்காரி தையல் எந்திரத்தை நிறுத்தினாள்.

"நாய்க்குச் சர்க்கரையா?" என்றாள். மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏம்மா, இங்க வந்து கேளேன். நாய்க்குச் சர்க்கரையாம்."