ஊருணியில் விட வேண்டிய பொட்டலம்

ஊரே என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறது. ஒச்சம்மாளுக்கு மட்டும் போன வாரம் வரைக்கும் நான் பூசாரிண்ணேதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு மணியாட்டிக்கொண்டிருந்தவன்தானே நான்.

ஊராட்சித் தேர்தல் வந்தது. எனக்குத் தலைவராகிக் காரில் போக ஆசை. ஒச்சம்மாளும் நிற்கிறேன் என்றாள். அவளுக்கு ஒரே எண்ணம், ஊருணியைத் தூர்வார வேண்டும். போட்டி வேண்டாம், ஆத்தாளிடமே கேட்போம் என்றது ஊர். எங்கள் கோயில் வழக்கப்படி திருநீறு ஒரு பொட்டலம், குங்குமம் ஒரு பொட்டலம். திருநீறு எனக்கு, குங்குமம் அவளுக்கு. ஒரு பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். மற்றதைப் பிரிக்கக் கூடாது, பூசாரி ஊருணித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

மடிக்கிறவன் நான். இரண்டிலும் திருநீறையே வைத்து மடித்தேன். த்தூ, சொல்லவே வாய் கூசுகிறது. ஆத்தா சொல்லிவிட்டாள் என்று ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். முதல் குலவை அவள் போட்டதுதான்.

அப்புறம் எனக்கென்ன? கட்சித் துண்டு, அருப்புக்கோட்டையில் கூட்டம், காரியாபட்டியில் கல்யாணம். காரை விட்டு இறங்க நேரமில்லை. ஊருணிக்காக ஒச்சம்மாள் நாலு மனு கொடுத்தாள். நாலையும் வாங்கி மேசைக்குள் போட்டேன்.

போன வாரம் மறுபடியும் நாங்கள் இரண்டு பேர், மறுபடியும் பொட்டலம், மடிக்கிறவனும் மறுபடியும் நானேதான். இந்தத் தடவையாவது ஒழுங்காக மடிப்போம் என்று குங்குமக் கிண்ணத்தில் விரலை வைத்தேன். வெளியே கட்சிக்காரர்கள் மாலையோடு நின்றார்கள். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு திருநீறையே அள்ளினேன்.

திருநீறு வந்தது, மாலை விழுந்தது. மாலையோடு ஊருணிக் கரைக்கு நடந்து, பழைய பழக்கத்தில் மற்றப் பொட்டலத்தை வீசினேன்.

ஊருணியில் தண்ணீர் இல்லை. நான் அந்தப் பக்கம் போயே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வெடித்த கரிசல் மண்ணில் பொட்டலம் பிரிந்து, திருநீறு வெள்ளை வெளேரென்று கொட்டிக் கிடந்தது.

கும்பிடுவதற்காக என் பின்னாலேயே வந்திருந்த ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். ஊரைக் கூட்டுவாள், முகத்தில் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

"போன தடவையும் இதேதானாண்ணே?" என்றாள்.

தலையைக் குனிந்தேன். மேளச் சத்தம் நெருங்கி வந்தது. அவள் விறுவிறுவென்று உள்ளே இறங்கினாள். காலால் தள்ள மனசு வராமல் குனிந்து, ஒரு சிட்டிகை நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை இரண்டு கையாலும் மண்ணள்ளி மூடினாள்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆத்தா வாக்கு பொய்யினு ஒருத்தரும் சொல்லிறக் கூடாது." கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். "போங்க தலைவரே, அவுக தேடுறாக."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். மறுநாள் திருச்சுழிக்குப் போய் வேட்புமனுவும் கொடுத்துவிட்டு வந்தேன், வெட்கங்கெட்டவன்.