பஜ்ஜி எண்ணெயில் களம்பூர் வரை

கன்னியம்மாள் அக்கா கடையில் பஜ்ஜி வாங்காமல் எண்ணெயை மட்டும் கேட்கும் ஒரே ஆள் நான்தான். அதுவும் பொரித்துப் பொரித்துக் கறுத்து, இனி உதவாது என்று அவர் ஓரமாக வைத்த எண்ணெயை.

"இத்த எடுத்துகினு போயி இன்னாப்பா பண்ணுவ?" என்று முதல் தடவை கேட்டார்.

"ஜீப்புக்கு ஊத்துவேன்க்கா."

அடுப்பைக் குறைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

வீட்டில் சொல்லியிருந்தேன். சொல்வதுதான் என் வியாதி. ஆரணியில் விசைத்தறி மோட்டார்களும் ஜெனரேட்டர்களும் பழுது பார்ப்பது என் தொழில். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், யாரிடமாவது அதை விளக்காமல் எனக்குத் தூக்கம் வராது. விளக்கத் தொடங்கினால் கேட்பவருக்கு வந்துவிடும்.

நீங்களும் கொஞ்சம் கேளுங்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினாலே அது நெருப்பு மாதிரிச் சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைப் பனி மாதிரி தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். தூவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. டீசல் தண்ணீர் போல ஓடுவதால் நன்றாகத் தூவும். சமையல் எண்ணெய் கெட்டி. தூவச் சொன்னால் ஒழுகும். ஆகவே இரண்டு வேலை: அழுக்கை எடுப்பது, கெட்டியைக் குறைப்பது.

எண்ணெயை டிரம்மில் ஊற்றி இரண்டு வாரம் ஆடாமல் வைத்தால் கருகிய மாவெல்லாம் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை எடுத்துச் சூடாக்க வேண்டும். வாழைக்காயும் வெங்காயமும் விட்ட தண்ணீர் அதில் ஒளிந்திருக்கும்; அது பம்புக்குள் போனால் துருப்பிடிக்கும். தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க, காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். சடசட என்றால் இன்னும் இருக்கிறது. பேசாமல் கிடந்தால் போய்விட்டது. பிறகு வடிகட்டுவது. என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, அடியில் முடிச்சுப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டேன். கெட்டித் துணி, நல்ல பை.

"கொடியில உங்க கால் மட்டும் தனியா தொங்கிகினு எண்ணெ சொட்டுது," என்றாள் என் மனைவி சுபலட்சுமி. "எதிர் வூட்டம்மா ரெண்டு நாளா இந்தப் பக்கமே வரல."

வடிந்ததை இன்னொரு நுண்ணிய வடிகட்டியில் விட்டு, ஏழு பங்கு எண்ணெய்க்கு மூன்று பங்கு டீசல் என்று கலந்தேன். அந்த ஏழுக்கு மூன்றை நான் கண்டுபிடித்தது சித்திரை மாதத்தில். சித்திரையில் ஆரணியில் தார் ரோடே இளகும், எண்ணெய் இளகாதா? ஜீப் திருமலை வரை போய்த் திரும்பியது. சமணக் குகை பார்க்க வந்த குடும்பம் ஒன்றுக்கு நான் எஞ்சினைச் சுற்றிக் காட்டினேன். அவர்கள் குகையைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள்.

சுபாவும் ஒரு வேலை தொடங்கியிருந்தாள். நெசவாளர்களிடம் பட்டுச் சேலைகளைப் படம் பிடித்து, போனில் அனுப்பி விற்பது. தை மாதத்தில் அவளுக்கு முதல் முகூர்த்தச் சேலை ஆர்டர் வந்தது. போளூரில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பெரிய வாய்க்காரர். நல்லதோ கெட்டதோ நாலு ஊருக்குச் சொல்லிவிடுவார். கமலக்கண்ணன் நெய்த அரக்குச் சேலை முதல் நாள் சாயங்காலம்தான் தறியிலிருந்து இறங்குவதாக இருந்தது. மணப்பெண்ணுக்குக் கட்டிவிடும் வேலையும் சுபாவுக்கே என்பதால் அவள் முன்கூட்டியே போளூர் போய்விட வேண்டும். சேலையை நான் விடியற்காலையில் கொண்டு வர வேண்டும்.

"முதல் பஸ்ஸ புடிச்சு வாங்க," என்றாள்.

"பஸ்ல கூட்டத்துல சேலை கசங்கும். ஜீப்ல மகாராணி மாதிரி வரும்."

"ஜீப்பு எங்கனா நின்னுகினா?"

"சித்திரையிலேர்ந்து ஓடுது. இப்ப மட்டும் ஏன் நிக்கப்போவுது?"

"தாலி கட்றதுக்கு முன்னால பொண்ணு அந்தச் சேலைலதான் வந்து உக்காரணும். அது வரலன்னா எனக்கு இதோட தொழில் முடிஞ்சிது. அவ்ளோதான் சொல்லுவேன்."

ஒரு கெட்டிக்காரன் இந்த இடத்தில் பஸ்ஸில் போயிருப்பான். நான் டாங்கியில் புதுச் சரக்கு நிரப்பினேன். மிட்டாய்க் கடை ஒன்றில் ஜாங்கிரி சுட்ட வனஸ்பதி கிடைத்திருந்தது. அதையும் பஜ்ஜிக் கடைப் பாமாயிலோடு சேர்த்திருந்தேன். கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்குக் கொஞ்சம் இனிப்பும் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

விடிவதற்குள் கிளம்பினேன். நல்ல குளிர். வெள்ளை மல் துணியில் சுற்றித் துணிப்பையில் வைத்த சேலை பக்கத்து சீட்டில் இருந்தது. வீட்டிலிருந்து டவுனைத் தாண்டும் வரை ஜீப் சமர்த்தாக ஓடியது. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்துப் போனது. களம்பூரில் ஒரு ரைஸ் மில் வாசலில் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

பானெட்டைத் திறந்து ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றினேன். எண்ணெய் ஊற்றும் என்று கையை அடியில் வைத்தேன். ஒன்றும் ஊற்றவில்லை. விரலை விட்டால் வெண்ணெய் மாதிரி வந்தது.

எனக்கு உடனே புரிந்தது. அன்று காலையில்தான், உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கித் தலையில் தேய்த்துக்கொண்டு வந்திருந்தேன். எண்ணெய் தலைக்கு மேலே போனது. உள்ளே எதுவும் போகவில்லை.

பாமாயிலும் வனஸ்பதியும் அப்படித்தான். அவற்றின் துகள்கள் நேராக இருக்கும். குளிர்ந்தால், பீரோவில் மடித்து அடுக்கிய சேலைகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து இறுகிவிடும். சூரியகாந்தி எண்ணெயில் துகள்கள் வளைந்திருப்பதால் ஒழுங்காக அடுக்க முடியாது. அதனால் லேசில் உறையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என் கடை பத்து மணிக்குத் திறப்பது. மார்கழி முழுக்க ஜீப்பை வெயில் வந்த பிறகுதான் எடுத்திருக்கிறேன். குளிர் என்ற ஒன்றை எஞ்சினுக்கு நான் காட்டியதே இல்லை.

மில் வாட்ச்மேன் துரைக்கண்ணு மஃப்ளரைச் சரி செய்துகொண்டு வந்தார். "இன்னா சார், டீசல் தீந்துபூச்சா?"

"இருக்குதுங்க. உறைஞ்சுபோச்சு."

"டீசல் உறையுமா? இது இன்னா காஷ்மீரா?"

என்னிடம் இப்படிக் கேட்கக் கூடாது. சேலைகளின் அடுக்கிலிருந்து ஆரம்பித்தேன். களத்தில் நெல் பரப்பிக்கொண்டிருந்த சின்னபொண்ணு அக்காவும் கையில் பலகையோடு வந்து நின்று, கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"நெய்யாட்டம் கீது. சோத்துல போட்டுக்கலாமா?"

"இது எரிபொருள்க்கா."

"வாசனை வடையாட்டம் வருதேப்பா."

நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் வெந்நீர் கொடுத்தார்கள். நான் ஃபில்டர் மேல் ஊற்றிக்கொண்டிருந்தபோது போளூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "சார், போளூர் வர்ரியா? ஜல்தி!" என்றார்.

"வேணாங்க. இதோ கிளம்பிடும்," என்று கையாட்டி அந்த பஸ்ஸை நானே அனுப்பி வைத்தேன். கையில் பக்கெட்டோடு.

ஜீப் கிளம்பியது! துரைக்கண்ணு கை தட்டினார். மில் சுவர் முடியும் இடம் வரை ஓடி மறுபடி நின்றது. காரணம் எளிது. நான் சூடாக்கியது ஃபில்டரை. டாங்கியில் இருந்தது முழுக்க வெண்ணெய். இதைச் சுவரோரமாக நடந்து வந்த இருவருக்கும் விளக்கினேன்.

"அப்ப டாங்கியக் காய்ச்சணுமா?" என்றார் சின்னபொண்ணு அக்கா. "அடியில வெறவு வெச்சிக் கொளுத்துவியா?"

ஒரு கணம் அதையும் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

போன் அடித்தது. முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க இருக்கிறீங்க?" சுபாவின் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"களம்பூர். ஒரு சின்ன... எண்ணெ கொஞ்சம்..."

"பஸ்ல ஏறுங்க."

"இப்பதான் போச்சு."

"நீங்க நிக்கும்போதேவா போச்சு?"

விளக்கம் இல்லாமல் நான் நின்ற அபூர்வமான இடம் அது. அவள் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "தட்டுல தேங்கா, பழம், பூ எல்லாம் வெச்சாச்சு. சேலை வெக்கிற இடம் மட்டும் காலியா இருக்குது. அந்தம்மா வந்து வந்து தட்டையே பாத்துகினு போறாங்க. சேலை பத்திரமா இருக்குதா?"

"இருக்குது."

போனை வைத்துவிட்டாள். "இந்த வண்டி கிடக்கட்டும்," என்றேன். "போளூருக்கு இப்ப எது போவும்?"

"பாலமுருகன் வருவாரு, பால் வண்டில," என்று துரைக்கண்ணு ரோட்டைப் பார்த்தார். அவர் சொல்லும்போதே இரு பக்கமும் கேன் தொங்க ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. துரைக்கண்ணு நடு ரோட்டில் நின்று மறித்தார்.

சேலைப் பையை எடுக்கக் கை நீட்டினேன். "தொடாத!" என்று கத்தினார் சின்னபொண்ணு அக்கா.

என் இரு கைகளும் முழங்கை வரை கறுப்பு எண்ணெய். பட்டில் ஒரு விரல் பட்டால் போதும், அந்தச் சேலை மேடையேறாது. வெந்நீரில் கழுவினால் எண்ணெய் இன்னும் நன்றாகப் பரவியது. அக்கா ஓடிப்போய் ஒரு முறம் தவிடு கொண்டு வந்து என் கைகளில் கொட்டித் தேய்த்தார். தவிடு எண்ணெயைக் குடிக்கும், நல்ல யோசனைதான். ஆனால் குடித்த தவிடு கையை விட்டுப் போக மறுத்தது. இப்போது என் கைகள் மாவில் முக்கியெடுத்த வாழைக்காய் மாதிரி இருந்தன.

"எண்ணெ மட்டும் காஞ்சா பொரிச்சிடலாம்," என்றார் துரைக்கண்ணு.

அக்கா தன் கைகளைப் புடவையில் நன்றாகத் துடைத்து, பையை எடுத்து என் கழுத்தில் மாலை மாதிரி மாட்டினார். பால் கேன்களுக்கு நடுவில் கால்களை அகட்டி உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ளக் கையில்லை. இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டேன்.

"போலீஸ் புடிச்சிகினு போறாப்ல கீது," என்று அக்கா பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

போளூர் வரை அப்படியே போனேன். எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் பதிலுக்குக் கை தூக்கினார். பாலமுருகன் பாதி வழியில், "இன்னா சார், வேண்டுதலா?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஆமாங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் சுபா நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள். கழுத்திலிருந்து அதைக் கழற்றி, மல் துணியை விலக்கி, முந்தானையையும் கரையையும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. உள்ளே ஓடினாள். சேலை தட்டுக்குப் போனது, பெரியவர்கள் தொட்டார்கள், மணப்பெண் அதோடு அறைக்குள் போனாள்.

நான் கை கழுவத்தான் சமையல் கட்டுப் பக்கம் போனேன். அங்கே வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய வாணலி. எந்த எண்ணெய் என்று கேட்காமல் எப்படித் திரும்புவது? சூரியகாந்தி என்றார் தலைமைச் சமையல்காரர். நான் வளைந்த துகள்களைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே பாயசத்தைக் கிளறப் போய்விட்டார். அதற்குள் கெட்டிமேளம் கொட்டியது. யாரோ என்னை மேடைக்கு முன்னால் தள்ளி, நீட்டிய இரண்டு உள்ளங்கைகளிலும் அட்சதையைப் போட்டார்கள்.

அரக்குச் சேலையில் பெண் உட்கார்ந்திருந்தாள். சுபா கட்டிய மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கரையைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கையில் போனை எடுத்து, சுபாவிடம் நம்பர் கேட்டது தெரிந்தது.

எல்லோரும் அட்சதை தூவினார்கள். நானும் வீசினேன். ஒரு மணியும் போகவில்லை. மஞ்சள் அரிசி முழுக்க, எண்ணெயும் தவிடுமாக இருந்த என் கைகளிலேயே ஒட்டிக்கொண்டது. உதறினேன். அப்போதும் போகவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நகர்ந்து நின்றார்.

சுபா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையிலிருந்து அரிசியை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்து, மேடையைப் பார்த்துத் தூவினாள்.

"ஏன் ஒட்டுதுன்னா..." என்று நான் தொடங்கினேன்.

"தெரியுது," என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தக் கையையும் காட்டுங்க."